இந்தப் பக்கத்தில் ஏன் படம் இல்லை?



எங்கள் மருத்துவமனையில் நோயாளிகள் வரையும் படங்களை இம்மடலில் அச்சிடலாமே என்று உங்களில் சிலர் எழுதியிருந்தீர்கள். மந்தைவெளிச் சபையார் ஒருவர், அவற்றைக் கொண்டு புத்தாண்டுக் காலண்டர் போட்டால் ஊழியத்திற்கு நிதி சேருமே என்று யோசனையும் சொல்லியிருந்தார். அன்பினால் வந்த யோசனைதான். ஆனாலும் நாங்கள் அதற்கு இசையவில்லை. காரணத்தைச் சொல்லுமுன், கலைச் சிகிச்சையாளர் என்பவர் செய்யும் வேலை இன்னதென்று சொல்லியாக வேண்டும்.

அவரை டிராயிங் டீச்சர் என்று எண்ணிவிடாதேயுங்கள். கலையோடு மனநல ஆலோசனையிலும் பயிற்சி பெற்றவர் அவர். துணை மருத்துவத் தொழில்களுக்கென்று நம் நாடாளுமன்றம் 2021-இல் இயற்றிய சட்டத்தின் அட்டவணையில் கலைச் சிகிச்சையாளரும் இடம் பெற்றிருக்கிறார்.

இந்தப் பெயர் ஒரு நோயாளியிடமிருந்தே வந்தது. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1938-இல் காசநோய் கண்டு, மிட்ஹர்ஸ்ட் என்னும் ஊரிலிருந்த சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். அக்காலத்தில் அந்நோய்க்கு மாத்திரை கிடையாது. மாதக்கணக்கில் படுத்திருப்பதே வைத்தியம். (மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் அப்படிப் படுத்திருந்தவர்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.) ஹில் கட்டிலில் இருந்தபடியே வரையத் தொடங்கினார். தம் மனம் தேறுவதை உணர்ந்து, மற்ற நோயாளிகளுக்கும் யுத்தத்தில் காயப்பட்டு வந்த வீரர்களுக்கும் வழிகாட்டினார். 1942-இல் இதற்குக் கலைச் சிகிச்சை என்று பெயரிட்டவர் அவரே.

நோய் மட்டுமா வாழ்க்கையை மாற்றுகிறது? சர்க்கரை வியாதியால் காலை இழந்தவர், புற்றுநோயால் மார்பு அகற்றப்பட்ட சகோதரி, ஓய்வு பெற்ற கையோடு மனைவியை அடக்கம் பண்ணினவர், பிள்ளைகள் வெளிநாடு போய்விட அடையாறு வீட்டில் தனித்திருக்கும் முதியவர் என்று எத்தனையோ பேர். இவர்களிடம் போய் "எப்படியிருக்கிறீர்கள்?" என்றால், "தேவ கிருபையால் சுகமாயிருக்கிறேன் ஐயா" என்றே பதில் வரும். போதகரிடம் வேறென்ன சொல்வார்கள்!

சொல் வராத அந்த இடத்தில்தான் கலைச் சிகிச்சையாளர் ஒரு தாளை வைக்கிறார். எந்தத் தாள், எந்த வர்ணம் என்பதிலேயே அவருடைய அறிவு இருக்கிறது. மனம் கொந்தளித்துக் கிடப்பவருக்குத் தண்ணீர் வர்ணம் கொடுத்தால், அது ஓடிப் பரவுவதைக் கண்டே கலங்கிப் போவார். அவருக்குச் சிறிய தாளில் நாற்புறமும் கோடு போட்டு, பென்சிலைக் கொடுப்பார். உள்ளுக்குள் உறைந்துபோய் இருப்பவருக்கு மாறாக, தண்ணீர் வர்ணமோ களிமண்ணோ கொடுப்பார். கீமோதெரபி எடுப்பவர்களுக்குக் கிருமித் தொற்றுப் பயம் உண்டு. ஆகவே ஈரக் களிமண் கொடுக்குமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்வார்.

வாழ்க்கை மாற்றத்தில் இருப்பவர்களுக்கு ஏற்ற பயிற்சி ஒன்று உண்டு. ஹேஸ், லயன்ஸ் என்ற இருவர் 1981-இல் எழுதி வெளியிட்டது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்திற்குப் போகும் பாலம் ஒன்றை வரையச் சொல்வார்கள். எந்தத் திசையில் போகிறோம் என்று அம்புக்குறி போட வேண்டும். படத்தில் தாம் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அவ்வளவுதான். 'எங்கிருந்து வந்தேன், எங்கே போகிறேன், இப்பொழுது எங்கே நிற்கிறேன்' என்ற மூன்று கேள்விகளும் அந்தச் சிறிய படத்திற்குள் வந்துவிடுகின்றன.

சீனிவாசபுரத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் சிகிச்சைக்கு வந்து, இந்தப் பயிற்சியைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நடுவில் அறுந்துபோன பாலத்தை வரைகிறார். புத்தகம் மட்டும் படித்தவர் உடனே, "ஐயோ, நம்பிக்கை அறுந்துவிட்டது" என்று குறிப்பெழுதிவிடுவார். அடையாறு முகத்துவாரத்தை அறிந்தவருக்கோ, வெள்ளத்தில் உடைந்து இன்றும் நிற்கும் 'உடைந்த பாலம்' நினைவுக்கு வரும். அது அந்த மனிதர் சிறு வயதில் விளையாடிய இடமாகக்கூட இருக்கலாம். ஒருவேளை அவர் வைத்த புள்ளி பாலத்தின் மேலேயே இராது, கீழே ஒரு படகில் இருக்கும். கலைச் சிகிச்சையாளர், "இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கண்ணே" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். படத்தின் பொருளை வரைந்தவரே சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்லாமலும் இருக்கலாம்.

இங்கிலாந்தில் 1946 முதல் நெதர்ன் மனநல மருத்துவமனையில் பணிபுரிந்த எட்வர்டு ஆடம்சன் என்ற ஓவியரும், நோயாளிகளின் படங்களுக்கு விளக்கம் சொல்லாமல் உடனிருப்பதையே தம் வழியாகக் கொண்டார். நாங்கள் யோபின் சிநேகிதரை நினைத்துக்கொள்கிறோம். ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதரே.

ஊர் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன ஒரு மயிலாப்பூர்த் தாயாருக்கு, புள்ளி வைத்த சிலேட்டைக் கொடுத்து இடது கையால் கோலமிடச் சொன்னால் முகம் மலர்வார். ஆனால் கணவர் இறந்து சில நாளே ஆன அம்மாவிடம் அதே சிலேட்டை நீட்டலாமா? துக்க வீட்டு வாசலில் கோலம் போடுவதில்லையே. மேல்நாட்டுப் புத்தகங்களில் கறுப்பு துக்கத்தின் நிறம். நம்மிடையே வெள்ளைப் புடவை எதைச் சொன்னது என்பதை நாங்கள் எழுத வேண்டியதில்லை.

இனி காலண்டர் விஷயம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, முகாம்களுக்குக் கிரேயான்களோடு அநேகர் வந்தார்கள். நல்ல மனதோடு வந்தவர்களே அவர்களில் பலர். ஆனால் "அலையை வரை கண்ணு" என்று சொல்லி, வரைந்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டால், அன்று இரவு அந்தப் பிள்ளையோடு இருப்பது யார்? மட்டக்களப்பில் 1996-இல் கனடா தேசத்துக் கலைஞர் பால் ஹோகனும், இயேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவோ வேறு விதமானது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே வாரந்தோறும், பல மாதங்கள் சேர்ந்து வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள். பெரியவர்கள் கூடவே இருந்தார்கள்.

எங்கள் மருத்துவமனையில் படம் நோயாளிக்கே சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோகலாம், கிழித்தும் போடலாம். விட்டுச் சென்றால் அவருடைய கோப்பில் பூட்டி வைக்கப்படும். நாங்கள்கூட அழைக்கப்படாமல் அதைப் பார்ப்பதில்லை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் மனநல மருத்துவரிடம் உடனே தெரிவிக்கப்படும். இதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடுகிறார்கள்.

சம்மதம் வாங்கிக்கொண்டு அச்சிடலாமே என்பீர்கள். இலவசச் சிகிச்சை பெறும் ஒரு தாயாரிடம், "உங்க படத்தைக் காலண்டரில் போடலாமாம்மா?" என்று நாங்கள் கேட்டால், "தாராளமா போட்டுக்குங்க ஐயா" என்றுதான் சொல்வார். அது நன்றிக்கடனில் வரும் வார்த்தை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எங்களுக்கு மனமில்லை. இன்னொன்றும் உண்டு. படம் அச்சாகிறது என்று வார்டில் தெரிந்துவிட்டால், அடுத்த வாரமே எல்லாத் தாள்களிலும் ரோஜாப் பூவும் சிலுவையும்தான் இருக்கும். உடைந்த பாலத்தை ஒருவரும் வரையமாட்டார்கள்.

கிரேயான் பெட்டிகள் போதிய அளவு வந்துவிட்டன. அனுப்பிய ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றி. இப்பொழுது தேவைப்படுபவை: கோப்புகள் வைக்கப் பூட்டுள்ள இரும்பு பீரோ ஒன்று, சக்கர நாற்காலியில் இருந்தபடியே கை கழுவத் தாழ்வான வாஷ்பேசின் ஒன்று, கட்டில்மேல் வைத்து வரையச் சாய்வுப் பலகைகள் ஆறு. காலண்டருக்கென்று எண்ணியிருந்த காணிக்கையை அனுப்புகிறவர்கள், 'கலைச் சிகிச்சை அறைக்காக' என்று குறிப்பிட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.