சிறுமுதற் படங்களும் அவற்றைக் காண்போரும்

நமது நல்லூர்ப் பக்கத்தார் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலை நன்கறிவர். களிமண்ணைப் பிசைந்து அச்சில் வார்ப்பது ஒரு பாடு; வெந்த பண்டத்தை உடையாமற் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மற்றொரு பாடு. ஏழைகளின் வாழ்வை உள்ளபடி காட்டுகின்ற சிறுமுதற் சினிமாவுக்கும் இவ்விரு பாடுகளும் உண்டு. எனினும் அதைப்பற்றிப் பேசுவோர் முதற்பாட்டை மாத்திரமே பேசுகின்றனர். படமெடுக்கப் பணம் எங்கே என்று கேட்கிறார்களேயன்றி, எடுத்த படத்தைக் காட்டக் கொட்டகை எங்கே என்று கேட்பாரில்லை.

தமிழ்ப் பட வியாபாரம் ஏரியாக்களாகப் பகுக்கப்பட்டது. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு மூன்றும் சேர்ந்தது ‘என்.எஸ்.சி.’ எனப்படும், விருத்தாசலம் அதில் அடங்கும். ஜில்லாக்கள் பலவாகப் பிரிந்த பின்னும் வியாபாரிகள் பழம்பெயரை விடவில்லை. ஏரியா விலை பெரும்பாலும் நடிகர் பெயரைக் கொண்டே நிச்சயிக்கப்படுகிறது. கொட்டகைக்காரர் ‘மினிமம் கியாரண்டி’ என்று முன்பணம் கொடுப்பதும் அப்பெயரை நம்பியே. பெயர்பெற்ற முகமில்லாத படத்துக்கு முன்பணம் தருவார் யார்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-ஆம் ஆண்டு பிறந்த ஜெயகாந்தன், சேரி வாழ்வைப் பற்றித் தாம் எழுதிய ‘உன்னைப்போல் ஒருவன்’ என்ற கதையைத் தாமே படமாக்கினார். 1965-இல் வெளிவந்த அப்படம் தேசிய விருது பெற்றது; ஆயினும் வழக்கமான விநியோக வழியிற் பரவலாக ஓடவில்லை. விருது வேறு, கொட்டகை வேறு என்பது நமது ஜில்லாக்காரர் ஒருவர் வாயிலாகவே அப்போது தெளிவாயிற்று.

இங்கிலாந்திலும் இதே கதைதான். கென் லோச் 1969-இல் இயற்றிய ‘கெஸ்’, பார்ன்ஸ்லி என்ற சுரங்க ஊரின் ஏழைச் சிறுவனைப் பற்றியது. யார்க்ஷயர்ப் பேச்சு பிறருக்கு விளங்காதென்று விநியோகஸ்தர் தயங்கினர். ஆகவே அது முதலில் வட இங்கிலாந்து ஊர்களிலே, அப்பேச்சைப் பேசுவோர் முன்னிலையிலே காட்டப்பட்டது. அங்கே கூட்டம் சேர்ந்த பின்னரே மற்றை இடங்களில் அதற்கு வழி திறந்தது.

சர்க்கார் உதவி புரியாமலில்லை. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) மேற்கு வங்காள சர்க்கார் பணத்தால் முடிந்தது. அத்தொகை சாலைக் கணக்கில் எழுதப்பட்டதென்று வேடிக்கையாகச் சொல்வர். 1960-இல் ஏற்பட்ட பிலிம் பைனான்ஸ் கார்ப்பரேஷன் மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ (1969) போன்றவற்றுக்குக் கடன் கொடுத்தது. ஆனால் கடன் கொடுத்த கை கொட்டகையைத் திறந்துவிடவில்லை.

இக்காலத்தில் அந்நிய நாட்டு விழாக்களே விளம்பரமாகின்றன. ‘காக்கா முட்டை’ 2014-இல் டொரண்டோ விழாவிற் காட்டப்பெற்று, 2015 ஜூன் மாதம் கொட்டகைகளில் நன்கு ஓடிற்று. பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் விழாவின் முதற் பரிசாகிய டைகர் விருதைப் பெற்றும், 2023 அக்டோபரில் சோனிலிவ் என்ற இணையத்தளத்தின் வழியாகவே நம்மவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பரிசும் நிச்சயமான சீட்டன்று.

இவற்றுள் நமக்கு மிகுந்த வியப்பைத் தருவது ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976). குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைச் சம்மேளனத்தைச் சேர்ந்த 5 லக்ஷம் குடியானவர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்து அதற்கு முதல் சேர்த்தனர். பத்து லக்ஷம் ரூபாய் சேர்ந்தது ஒரு லாபம். அதனினும் பெரிது, அவர்களே லாரி லாரியாக வந்து தங்கள் படத்தைப் பார்த்தது. பணம் திரட்டிய செயலே விளம்பரமுமாயிற்று. பால் சங்கம் முன்னரே இருந்தமையாலன்றோ இது கைகூடியது?

அத்தகைய சங்கமின்றி முயன்றவர் ஜான் ஆபிரகாம். அவருடைய ஒடேஸ்ஸா குழுவினர் மலையாள நாட்டில் ஊர் ஊராய்ச் சென்று, சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைத் திரையிட்டுக் காசு திரட்டி, 1986-இல் ‘அம்ம அறியான்’ எடுத்தனர். அதையும் கொட்டகைக்குக் கொண்டு போகாமல், கொடுத்த ஊர்களுக்கே எடுத்துச் சென்று காட்டினர். மக்கள் பார்த்தனர். மறு படத்துக்கு முதல் திரும்பும் வழி மாத்திரம் அதில் இல்லை. 1987 மே மாதத்தில் ஜான் இறந்துபோனார்; ‘அம்ம அறியான்’ அவருடைய கடைசிப் படமாயிற்று.