பொதுத் தொட்டியும் வீட்டு வாயிலும்

வரியுயர்வையும் பொறுத்துக்கொள்ளும் நகரமாந்தர், தம் வாயிலிலுள்ள குப்பைத்தொட்டியை அகற்றி, வீதிக்கெல்லாம் பொதுவாகப் பெருந்தொட்டியொன்றை வைக்கப் புகுந்தால் வெகுண்டெழுகின்றனர். இதனைச் சுயநலமென்று சொல்லித் தள்ளிவிடுவது எளிது. அங்ஙனம் தள்ளத்தகுமோ என்பதை இரு நகரங்களின் செய்திகொண்டு ஆராய்வோம்.

முதற்கண் பாரிஸ் நகரை நோக்குவோம். முற்காலத்தில் அந்நகரத்தார் தத்தம் வீட்டுக் குப்பையை வாயிற்புறத்தே கொட்டிவிடுவர். இரவில் கந்தை பொறுக்குவோர் கையில் விளக்கும் கொக்கியும் முதுகிற் கூடையுமாய் வந்து, கந்தல், எலும்பு, காகிதம் முதலியவற்றைத் தேர்ந்தெடுத்து விற்றுப் பிழைப்பர். எஞ்சியதை வண்டிகள் வாரிச்செல்லும். 1883ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆம் நாள், அந்நகரம் அடங்கிய ஸேன் ஜில்லாவின் அதிகாரியாயிருந்த யூஜீன் புபெல் என்பார், வீட்டுச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் தம் குடியிருப்போர்க்குத் தொட்டி அளித்தல் வேண்டுமெனக் கட்டளை பிறப்பித்தார். உடைந்த பீங்கான், கண்ணாடி, சிப்பியோடு ஆகியவற்றை வேறாகச் சேர்க்கவும் பணித்தார். செலவு தம் தலைமேல் விழுந்ததேயென்று வீட்டுக்காரர் முறையிட்டனர். வயிற்றிலடித்தாரேயென்று கந்தை பொறுக்குவோர் கதறினர். பின்னர், வண்டி வருமுன் தொட்டியிலுள்ளதைக் கிளறித் தேர்ந்துகொள்ள அவர்களுக்கு இடந்தரப்பட்டது. அதிகாரியின் பெயரையே ஏளனமாய்த் தொட்டிக்கு இட்டு வழங்கினர் அந்நகரத்தார். இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்குப் பெயர் புபெல் என்பதே! நன்னூல் பயின்ற நமக்கு இது கருத்தாவாகுபெயரின்பாற்படும் எனத் தோன்றுகின்றது. ஆனால் இத்தகைய புகழை விரும்புவார் எவருமிலர்.

பாரிஸில் தொட்டி வீட்டிற்கு வந்ததென்று வழக்கு. ஸ்காத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிலோ அது வீட்டைவிட்டுப் போகின்றதென்று வழக்கு. அந்நகரின் பழைய பகுதியில், வானளாவிய வீடுகளின் சாளரங்களினின்று கழிவுநீரைக் கீழே கொட்டுவார், 'கார்டிலூ' எனக் கூவி வழிப்போக்கரை எச்சரிப்பது ஒருகாலத்து வழக்கம். அந்நெருக்கத்தினின்று நீங்கி வாழ, ஜேம்ஸ் கிரெய்க் என்பார் 1767ஆம் ஆண்டில் வகுத்த திட்டப்படி எழுந்ததே புதுநகர்ப் பகுதி. பழையதும் புதியதுமாகிய இவ்விரு பகுதிகளும் 1995ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றன.

இப்புதுநகரில் ஒரே படிக்கட்டைச் சூழப் பல குடும்பங்கள் அடுக்கடுக்காய் வாழ்கின்றன. குடும்பத்திற்கொரு தொட்டி வைக்கப் பலவிடத்தும் இடமில்லை. பைகளைப் பாதையோரத்தில் வைத்தாலோ கடற்காக்கைகள் கிழித்து இறைத்துவிடும். ஆதலின் அவற்றின் அலகுக்கு அசையாத தடித்த பைகள் பல வீடுகளுக்கு வழங்கப்பட்டன. குடிகள் இவற்றிற்குப் பழகிவிட்டனர். 2021ஆம் ஆண்டு முதலாக நகரசபையார் வீதியோரங்களிற் பொதுத்தொட்டிகளை வரிசையாக நிறுவத் தொடங்கினர். கண்ணாடிக்கு ஒன்று, உணவுக் கழிவுக்கு ஒன்று, மறுபயன் பொருளுக்கு ஒன்று, எஞ்சியதற்கு ஒன்று. புதுநகர்வாசிகள் பலர் எதிர்த்தனர். பழம்பெருந்தெருக்களின் அழகு குலையும்; வண்டி நிறுத்துமிடம் குறையும்; வழிப்போக்கரும் கண்டதைக் கொட்டுவர் என்பன அவர்தம் வாதங்கள்.

சபையார் பக்கத்தும் நியாயமுண்டு. நான்காம் மாடியில் வாழும் முதியவர், குப்பை எடுக்கும் நாள்வரையில் நாற்றத்தோடு காத்திராமல் வேண்டியபோது கொண்டுபோய்ப் போடலாம். பைபையாகக் குனிந்து தூக்கும் தொழிலாளியின் முதுகுக்கும், பெருந்தொட்டியை இயந்திரம் தூக்கிக் கவிழ்ப்பதால் ஆறுதலுண்டு. அழகு கெடுமென்போர் இம்முதுகை நினைத்ததாகத் தெரியவில்லை.

எனினும், எதிர்ப்பின் வேர் அழகிலன்று, பங்கீட்டிலேயே உள்ளதென்பது நம் துணிபு. பொதுத்தொட்டியின் பயன் தெருவார் அனைவர்க்கும் பகிரப்படுகின்றது. அதன் நாற்றமும், நள்ளிரவிற் கண்ணாடிப் புட்டி விழும் ஓசையுமோ அத்தொட்டிக்கு நேரே சாளரமுடையவர் ஒருவருக்கே உரியனவாகின்றன. மேலும், வீட்டுத்தொட்டி நிரம்பி வழிந்தால் அதற்குடையவர் நாணுவர். பொதுத்தொட்டி நிரம்பி வழிந்தால் நாணுவார் யார்? அதனை எவர் கழுவுவார், எந்நாளில் ஒழிப்பார் என்பதைத் தொட்டியின் மேலேயே எழுதிவைத்து அவ்வாறே நடப்பின், எதிர்ப்பாரிற் பாதிப்பேர் அடங்குவர் என எண்ணுகின்றோம். சாளரத்தின் நேரே தொட்டி பெற்றவர்மட்டும், அது வேறிடம் பெயரும்வரை அடங்கார். அவரை நாம் குறைகூற மாட்டோம்.