வெந்தய வரியன்

தோட்டத்திலும் வயல்வரப்பிலும் தாழப் பறந்து திரியும் வண்ணத்துப்பூச்சிகளுள் வெந்தய வரியனும் ஒன்று. தமிழ்நாட்டில் அதனைக் கண்டவர் பலர். அடையாளம் அறிந்தவர் சிலரே. விரித்த சிறகுகள் ஏறத்தாழ 7 அல்லது 8 சென்டிமீட்டர் அகலம் உடையன, நிறம் செம்மஞ்சள். முன்சிறகின் கரிய நுனியின் குறுக்கே வெண்பட்டை ஒன்று செல்லும். பின்சிறகின் நடுவே பெண்ணுக்கு மூன்று கரும்புள்ளிகளும் ஆணுக்கு நான்கும் உண்டு. ஆணின் நான்காம் புள்ளி, பெண்ணைக் கவரும் மணப்பை ஆகும்.

பறவைகள் திரியும் வெளியிலும் இப்பூச்சி அஞ்சாது மெல்லப் பறக்கும். அதற்குக் காரணம் யாது? தாய்ப்பூச்சி எருக்கு முதலிய பாற்செடிகளின் இலைகளில் தனித்தனியே முட்டையிடும். சில நாட்களில் வெளிப்படும் புழு அவ்விலையையே உண்டு வளரும். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வரிகளும், கொம்பு போன்ற மூன்று இணைக் கரிய இழைகளும் அப்புழுவின் அடையாளங்கள். எருக்கம்பாலில் நஞ்சு உண்டு. அந்நஞ்சு புழுவைக் கொல்வதில்லை. புழு அதனைத் தன் உடலிற் சேர்த்துவைக்கிறது. கூட்டுப்புழுவாய்த் தொங்கிச் சிறகு பெற்று வெளிவந்த பின்னும் அந்நஞ்சு நீங்குவதில்லை. ஒருமுறை கொத்திக் கசப்பறிந்த பறவை அந்நிறத்தை மறவாது, மீண்டும் அணுகாது.

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. நஞ்சற்ற வேறோர் இனத்தின் பெண்பூச்சி, வெந்தய வரியனின் நிறமும் நடையும் பூண்டு பறவைகளை ஏமாற்றுகிறது. அதன் ஆணோ கருஞ்சிறகில் வெண்திட்டுகள் உடையது. அவ்வினத்தின் புழு பருப்புக்கீரையைத் தின்று வளர்வது. ஆதலின் அதற்கு எருக்கின் நஞ்சு கிட்டுவதில்லை. பின்சிறகை நோக்கினால் உண்மை விளங்கும். போலியின் பின்சிறகில் முன்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கரும்புள்ளிதான் இருக்கும். நஞ்சற்ற உயிர் நச்சுயிரின் கோலம் பூணும் இவ்வியல்பை, அமேசான் காடுகளில் 1848 முதல் 1859 வரை ஆராய்ந்த ஹென்றி பேட்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1862ஆம் ஆண்டில் விளக்கினார்.

வேலியோரத்து எருக்கைப் பயனற்ற களை எனக் கருதி வெட்டி எறிவார் பலர். பாற்செடிகள் அழிந்தால் புழுவுக்கு உணவில்லை. புழு இன்றேல் வெந்தய வரியன் இல்லை. அது அருகினால் பறவைகள் கசப்பை அறியா. அதன் கோலத்தால் உயிர் பிழைக்கும் போலிக்கும் காப்பில்லை. ஒரு செடியின் வாழ்வில் இத்துணை உயிர்களின் வாழ்வு அடங்கியுள்ளது. மலரை நாடிவரும் பூச்சியைக் கண்டு மகிழ்வோர், அது பிறந்த இலையையும் பேணுதல் வேண்டும்.