கல்லாய்ச் சமைந்த மட்டி

கடலினின்றும் நெடுந்தொலைவில் அமைந்த ஊர் அரியலூர். ஆயினும், அதனைச் சூழ்ந்த சுண்ணாம்புக்கற் சுரங்கங்களிலும் ஓடைக்கரைகளிலும் மட்டியும் சிப்பியும் நத்தையும் கல்லாய்க் கிடப்பதை அப்பக்கத்துச் சிறுவர்கள் நன்கறிவர். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடல் அந்நிலத்துள் புகுந்தது. பின்னர்ப் பலமுறை விலகியும் மீண்டும் பரவியும் நின்றது. அதன் அடிச்சேற்றில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் எச்சங்களே இப்புதைபடிவங்கள். அக்காலத்தை உள்ளடக்கிய நெடும்பொழுதை நிலநூலார் கிரெட்டேசியக் காலம் என்பர்.

அங்ஙனம் கிடைத்த மட்டி ஒன்றைக் கையிலேந்தி, "இஃது எவரும் இதுகாறும் அறியாத புதிய இனம்" என்று உரைத்தல் எளிதோ? அன்று. முதற்கண் அது மட்டிதானா என்பதே ஐயத்திற்குரியது. மட்டியைப் போலவே ஈரோடுடைய விளக்குச் சிப்பி என்னும் வேறோர் உயிரும் அப்பாறைகளில் உண்டு. விளக்குச் சிப்பியின் ஓரோட்டை நடுவே பகுத்தால் இருபாதியும் ஒத்திருக்கும். ஆனால் மேலோடும் கீழோடும் தம்முள் ஒவ்வா. மட்டிக்கோ, வலவோடும் இடவோடும் நம் இரு கைகளைப்போல ஒன்றற்கொன்று எதிருருவாய் நிற்கும். ஓரோட்டைப் பகுத்தால் பாதிகள் ஒவ்வா. பாறையில் ஒட்டி வாழும் சிப்பிகளிடத்து இவ்விதி பிறழ்வதும் உண்டு.

மட்டி என்று தெளிந்தபின் ஆராய்வோர் அதன் புறவழகில் மயங்குவதில்லை. வரியும் நிறமும் உருவும் ஒத்திருந்தும் உறவில்லாத மட்டிகள் பல. உண்மையான அடையாளங்கள் ஓட்டின் உட்புறத்தே உள்ளன. இரண்டு ஓடுகளும் கூடுமிடத்தில் கதவின் கீல்போன்ற அமைப்பும், அதில் ஒன்றோடொன்று பொருந்தும் பற்களும் உண்டு. அப்பற்கள் எத்தனை, எவ்வாறு சாய்ந்தன என்பதைக் கொண்டே பெரும்பாலும் குடும்பம் துணியப்படும். ஓட்டை இழுத்து மூடிய தசைகள் பற்றியிருந்த தழும்புகளும் உள்ளே காணப்படும். உடலைப் போர்த்த மென்றோல் ஓட்டுடன் ஒட்டியிருந்த இடம் ஒரு கோடாகத் தோன்றும். அக்கோடு பின்புறத்தில் ஆழ்ந்து உள்வளைந்திருந்தால், அவ்வுயிர் நீரை உறிஞ்சும் நீண்ட குழல்களை உள்ளிழுக்கும் ஆற்றல் உடையது என்றும், சேற்றில் ஆழப் புதைந்து வாழ்ந்தது என்றும் அறியலாம். என்றோ மறைந்த ஓருயிரின் வாழ்க்கையை ஒரு கோட்டின் வளைவு உரைக்கின்றது. இதனினும் வியப்புடையது யாது?

ஆனால் அவ்வுட்புறத்தைக் காண்பது அரிது. அது கல்லால் நிரம்பியிருக்கும். உருப்பெருக்கியின் கீழ் வைத்து, ஊசிமுனையால் துகள் துகளாக அக்கல்லை அகற்றவேண்டும். சிலவிடங்களில் ஓடே கரைந்துபோய், உட்புகுந்து இறுகிய சேறு மட்டும் மட்டியின் உருவாய் எஞ்சும். அப்போது ஓடு இருந்த வெற்றிடத்தில் ரப்பர்ப்பாலை ஊற்றி உறையச்செய்து எடுப்பர். கரைந்த பற்களின் உரு அதில் மீண்டும் கிடைக்கும்.

இனி ஒப்புநோக்கும் பணி. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர், ஓரேட்டில் மட்டும் காணும் புதுப்பாடத்தை உடனே கொள்ளார். எழுதினோன் கைப்பிழையோ, செல்லரித்த குறையோ என்று பல படிகளையும் வைத்து ஆராய்வர். இங்கும் அஃதே முறை. ஒரு மட்டி சப்பையாக இருப்பது பாறையின் அழுத்தத்தால் நேர்ந்திருக்கலாம். சிறிதாக இருப்பது இளமையால் ஆகலாம். ஆதலால் இளையவும் முதியவுமாகப் பலவற்றைத் திரட்டி, நீளமும் உயரமும் பருமனும் அளந்து, வேறுபாடு எல்லாவற்றிலும் நிலைத்துள்ளதா என்று காணவேண்டும். அதன்மேல், அக்குடும்பத்தில் முன்னோர் பெயரிட்ட ஒவ்வோர் இனத்தின் விளக்கத்தோடும் ஒப்பிடவேண்டும். முன்னரே பெயர்பெற்ற ஒன்றற்கு மறுபெயர் இட்டால், பொதுவிதிப்படி முந்திய பெயரே நிற்கும், பிந்தியது தள்ளப்படும்.

புதியது என்று துணிந்தால், பேரினமும் இனமும் சேர்ந்த இருசொற்பெயர் இடுவர். 1758 ஆம் ஆண்டில் லின்னேயசு வெளியிட்ட நூற்பதிப்பே விலங்கின் பெயர்களுக்குத் தொடக்க எல்லை. பெயருக்கு ஆதாரமான ஒரு மாதிரியை மூலப்படியாகக் குறித்து, படத்தோடும் விளக்கத்தோடும் அச்சிட்டு, அதனைப் பிறரும் காணுமாறு காட்சிச்சாலையில் வைப்பர்.

நம் நாட்டு மட்டிகளுக்கு இப்பணியைச் செய்தோருள் தலையாயவர் பெர்டினாண்டு சுடோலிச்கா. அவர்க்கு முன்னரே, புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கேய், கன்லிஃப் என்னும் இருவர் திரட்டியவற்றை எட்வர்டு ஃபோர்ப்சு ஆராய்ந்து 1846 இல் வெளியிட்டிருந்தார். பின்னர் என்றி பிளான்ஃபோர்டு அந்நிலத்தின் பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாக வகுத்தார். மொராவியாவிற் பிறந்த சுடோலிச்கா 1862 இல் இந்திய நிலப்பொதியியல் அளவைத் துறையிற் சேர்ந்து, கல்கத்தாவில் அமர்ந்து அப்படிவங்களை ஆராய்ந்தார். 1871 இல் வெளிவந்த அவருடைய மட்டிகள் பற்றிய நூல் 500 பக்கங்களுக்கு மேற்பட்டது, படத்தாள்கள் 50. தென்னாட்டு மட்டிகளை மட்டும் கூறி அமையாது, உலகில் அதுவரை அறியப்பட்ட மட்டிப் பேரினங்கள் அனைத்தையும் அவர் அதில் ஆராய்ந்தார். முழுவதையும் அறியாமல் ஒன்றைப் புதிது என்பது எங்ஙனம்? 1874 இல், யார்க்கண்டு சென்று மீளும் வழியில், தம் 36 ஆம் அகவையில் லடாக்கு மலைகளிடையே அவர் மறைந்தார். லே நகரில் அவர் கல்லறை உள்ளது.

பல்லாண்டுகளுக்கு முன் என் மாணாக்கன் ஒருவன், விடுமுறையில் அரியலூர்ப் பக்கம் சென்று, கைக்கடங்கிய கல்மட்டி ஒன்றைக் கொணர்ந்து தந்தான். நான் மகிழ்ந்து மேசைமேல் வைத்தேன். பின்னொருநாள் வந்த நிலநூற் பேராசிரியர் ஒருவர் அதனை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீலின் பற்கள் தாம் கண்டவற்றோடு ஒவ்வவில்லை என்றார். "இஃது எவ்விடத்து, எவ்வடுக்கினின்றும் எடுத்தது?" என்று ஆவலுடன் வினவினார். நான் அதனைக் கேட்டு வைத்திலேன். மாணாக்கனும் ஊர்விட்டுப் போய்விட்டான். இடமும் அடுக்கும் அறியாத கல்லைக்கொண்டு ஒன்றும் நாட்ட இயலாது என்று கூறி, அவர் அதனை மெல்ல மேசைமேல் வைத்துச் சென்றார். இன்றும் அது என் தாள்கள் பறவாவண்ணம் அவற்றின்மேல் இருக்கின்றது.