வெண்பனியும் வெண்பஞ்சும்: நிழற்படக் கலையில் ஒரு பாடம்

பனி என்னும் சொல் நம் நாட்டார்க்குப் பெரும்பாலும் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையே குறிப்பதாகும். பெரும்பொழுது ஆறனுள் முன்பனி, பின்பனி என இரண்டைப் பண்டையோர் வகுத்தனர். அவ்விரண்டிலும் நம் கரிசற் சீமையில் வானினின்று வெண்துகள் பொழிதல் இல்லை. இமயத்து உறைபனி கோவில்பட்டி மாணவர்க்கு ஏட்டிலும் திரையிலும் கண்ட காட்சியே. அங்ஙனமாகவும், உறைபனிக் காட்சியைச் செவ்வையாகப் படமெடுப்பது எவ்வாறு என்னும் வினாவை ஈண்டு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. இவ்வித்தையைக் கற்கக் குல்மார்க்குக்கோ சிம்லாவுக்கோ போகவேண்டுவதில்லை. பின்பனிக் காலமாகிய மாசி, பங்குனியில் நம் மானாவாரிப் புன்செய்களில் பருத்தி வெடிக்கின்றது. அதே நாள்களில், இங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தூத்துக்குடியின் உப்பளங்களில் வெண்குவியல்கள் எழத் தொடங்குகின்றன. பனியைப் படமெடுப்போன் எதிர்ப்படும் இடர் எதுவோ, அதுவே பஞ்சிலும் உப்பிலும் நம்மை எதிர்ப்படுவது. உண்மையுரைப்பின், நமது இடர் பனிநாட்டான் இடரினும் சற்றுப் பெரிது. அவனுக்கு வெண்மை ஒன்றே பகை, நமக்கோ வெண்மையும் கருமையும் ஒருங்கே பகை.

முதலில் இடர் இன்னதெனக் காண்போம். வெயிலில் வைத்த பருத்தி அம்பாரத்தைக் காமிராவின் தானியங்கு முறைக்கு விட்டுப் படமெடுப்பின், படத்தில் தோன்றுவது வெண்பஞ்சன்று. அழுக்கேறிய சாம்பல் நிறக் குவியல். பனிமலைக்குச் சென்று வந்தோர் பலர், தாம் கண்ட தூய வெண்மை படத்தில் மங்கி நீலச் சாம்பலாய் நிற்பதைக் கண்டு காமிராவை நோவர். காமிரா தன் கடமையையே செய்தது. அதனுள் அமைந்த ஒளிமானி, காட்சியினின்று திரும்பி வரும் ஒளியின் அளவை மட்டும் அறியும். அவ்வொளி வெண்பொருளினின்று வந்ததா, கரும்பொருளினின்று வந்ததா என்பதை அறியாது. ஆதலின் உலகிலுள்ள காட்சியெல்லாம் சராசரியில் நடுச்சாம்பல் என்று கருதுமாறு அதனை அமைத்துள்ளனர். நூறு பங்கு ஒளி விழுந்தால் ஏறத்தாழப் 18 பங்கைத் திருப்பி அனுப்பும் பொருளே நடுச்சாம்பல் என வழங்கப்பெறும். ஊர்த் தெருவுக்கும் மரநிழலுக்கும் இக்கணக்குப் பெரிதும் பொருந்தும். புதிதாய்ப் பெய்த பனியோ நூற்றுக்கு எண்பது முதல் தொண்ணூறு பங்கு ஒளியைத் திருப்புகின்றது. ஒளிமானி அதனைக் கண்டவுடன், 'ஒளி மிகுந்துவிட்டது, குறைக்க' என்று ஷட்டரை விரைவுபடுத்தும், பனி சாம்பலாகும்.

பரிகாரம் எளிது. காமிராவில் ஒளியை இரட்டிப்பதையும் பாதியாக்குவதையும் ஒரு 'ஸ்டாப்' அல்லது ஒரு படி என்பர். 18 ஐ ஒருமுறை இரட்டித்தால் 36. மறுமுறை இரட்டித்தால் 72. ஆகவே ஒளிமானி கூறும் அளவினும் ஒன்றரை முதல் இரண்டு படி மிகுதியாக ஒளியை உட்செலுத்தினால் பனி பனியாகவும், பஞ்சு பஞ்சாகவும் தோன்றும். எல்லா நல்ல காமிராக்களிலும் கூட்டற்குறியும் கழித்தற்குறியும் இட்ட ஒரு பொத்தானோ சக்கரமோ இதன்பொருட்டே உள்ளது. செல்பேசியில் படமெடுப்போர் திரையில் வெண்பொருளைத் தொட்டு, அருகே தோன்றும் சிறு சூரியக் குறியை மேலே நகர்த்துதல் போதும்.

இவ்விடத்தில் மாணவர் பலர் மயங்குவதுண்டு. பழைய பிலிம் பெட்டிகளின் மேல் அச்சிட்டிருந்த குறிப்பொன்று, நல்ல வெயிலில் எஃப் 16 என்றும், பனியிலும் வெண்மணலிலும் எஃப் 22 என்றும் கூறும். எஃப் 22 என்பது துளையைச் சுருக்கி ஒளியைக் குறைப்பதன்றோ? யாம் மிகுக்கச் சொல்ல, பெட்டி குறைக்கச் சொல்வது ஏன்? இரண்டும் ஒன்றே. எஃப் 16 என்பது வெயில் பொருளின்மேல் விழும் அளவைக் கொண்டு சொன்னது. பொருளின் நிறம் அக்கணக்கில் இல்லை. பனிவெளியில் நாற்புறமும் ஒளி எதிரடிப்பதாலும், வெண்மையின் நுண்வரிகள் அழியாமல் நிற்க வேண்டுவதாலும் அதினின்று ஒரு படி குறைத்தனர். நமது ஒளிமானியோ, பனியை நேரே நோக்கி, எஃப் 32 ஐயும் கடந்து சுருக்கச் சொல்லும். அதினின்று ஒன்றரைப் படி திறந்தால் எஃப் 22 க்கு அண்மையில் வந்து நிற்போம். எவ்விடத்தினின்று எண்ணத் தொடங்குகிறோம் என்பதே வேறுபாடு.

பனியைப் படமெடுத்த முன்னோர்க்கு ஒளிமானியும் இல்லை, பிலிமும் இல்லை. சாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேயர் 1863 முதல் 1866 வரை மும்முறை இமயத்துட் சென்று, 1866 இல் 18,600 அடி உயரத்து மானிரங் கணவாயில் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டின்மேல் மருந்து பூசி, அது ஈரம் உலருமுன் படமெடுத்து, அவ்விடத்திலேயே கூடாரத்துள் கழுவியாக வேண்டும். தகடுகளையும் மருந்துகளையும் கூடாரத்தையும் சுமந்து ஏறிய கூலியாட்களின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. அக்காலத்து மருந்து நீல ஒளிக்கே பெரிதும் இளகுவது. ஆகவே நீலவானும் வெண்பனியும் ஒரே வெளுப்பாய் ஒன்றிவிடும் இடர் அவரை விடாது தொடர்ந்தது. பிற்காலத்தில் எல்லா நிறங்களையும் உணரும் பிலிம் வந்தபின், மஞ்சட் கண்ணாடி ஒன்றை லென்ஸின் முன் மாட்டி வானைக் கருமையாக்கும் வழக்கம் ஏற்பட்டது. கறுப்பு வெள்ளைப் படத்தில் விருப்பமுடையோர் இன்றும் அதனைக் கைக்கொள்ளலாம். கரிசற் காட்டின் மாசி மாத வானம் அதற்கு மிக ஏற்றது.

இனி நமது காட்டுக்கு வருவோம். பருத்திக்காடு தொலைவில் பனிப்பரப்புப் போலத் தோன்றும் என்று எழுதுவார் உளர். மழையை நம்பி விதைத்த நமது கருங்கண்ணிக் காட்டை நேரிற் கண்டோர் அவ்வாறு எழுதார். முழங்காலளவுச் செடி, காய்ந்த இலை, இடையிடையே வெடித்த காய், செடிக்கும் செடிக்கும் நடுவே பிளந்து கிடக்கும் கருமண். இக்காட்சியில் வெண்மை புள்ளி, கருமை பரப்பு. எனவே ஒளிமானி இங்கு எதிர்த்திசையில் ஏமாறும். உலர்ந்த கரிசல் நூற்றுக்குப் பத்துப் பங்கோ அதனினும் குறைவோதான் ஒளியைத் திருப்பும். ஈரமுற்றால் இன்னும் குறையும். அதனைக் கண்ட கருவி, 'இருண்டுள்ளது, மிகுக்க' என்று கதவைத் திறந்துவிட, மண் செம்மணற் காடு போல வெளுக்கும். பருத்தியோ வரியும் இழையுமின்றி வெற்றுத் தாளாகும். நிலம் மிகுதியாய் நிற்கும் படத்தில் ஒரு படி கழித்தல் வேண்டும். அம்பாரம் மிகுதியாய் நிற்கும் படத்தில் ஒன்றரைப் படி கூட்டல் வேண்டும். ஒரே களத்தில், ஒரே வெயிலில், பத்தடி திரும்பி நின்றவுடன் கணக்கு மாறுவதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண்டல் அரிது.

அமெரிக்கரான ஆன்ஸல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940 ஆம் ஆண்டை ஒட்டி வகுத்த முறை இங்குப் பெரிதும் உதவும். முழுக்கருமை சுன்னம் எனவும், முழுவெண்மை பத்து எனவும் கொண்டு, நடுச்சாம்பலை ஐந்தாம் படியில் வைத்தனர். படமெடுக்குமுன், எப்பொருள் எப்படியில் நிற்கவேண்டும் என்று நாமே தீர்மானிப்பது அம்முறையின் சாரம். பஞ்சு ஏழாம் படியில் நின்றால் இழை தெரியும். கரிசல் மூன்றாம் படியில் நின்றால் வெடிப்பும் கட்டியும் தெரியும். பிலிமில் நிழலைக் காத்தால் வெளிச்சம் தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும். டிஜிட்டல் காமிராவில் அது தலைகீழ்: வெண்மை ஒருமுறை நிரம்பி வழிந்துவிட்டால் பின்னர் எவ்வித்தையாலும் மீளாது, நிழலையோ ஓரளவு மீட்கலாம். ஆகவே ஐயமுற்ற இடத்தில் வெண்மையைக் காப்பதே இக்காலத்தார்க்கு அறிவு. ஹிஸ்டோகிராம் என்னும் மலைவடிவக் கோட்டின் வலக்கோடி சுவரில் முட்டி நில்லாதவாறு பார்த்துக்கொள்க. அச்சுத்தாள் ஆறேழு படிகளுக்கு மேல் தாங்காது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. நம் ஆண்டு மலரின் தாள் அதனினும் ஏழை.

இவையாவும் கருவியின் கணக்கு. இனிக் கூறுவதே யாம் முதன்மையாகக் கருதுவது. கரிசற் காட்டில் வெண்மைக்கும் கருமைக்கும் இடையே மனிதர் நிற்கின்றனர். பருத்தி எடுக்கும் பெண் அம்பாரத்தின் முன் நிற்க, பின்னால் வெண்மை ஒளிரின், தானியங்கு காமிரா வெண்மையை அடக்குவதற்காக அவள் முகத்தைக் கரிய நிழலாக்கிவிடும். கண்ணும் மூக்கும் அற்ற உருவம் ஒன்றே எஞ்சும். உப்பளத் தொழிலாளரை எடுத்த படங்களில் இதனை எண்ணிறந்த முறை காண்கிறோம். அதனைக் கலையழகென்று பாராட்டுவாரும் உளர். எமக்கு அது உடன்பாடன்று. அவர்தம் முகம் தெரியாமல் உப்பின் அழகு மட்டும் தெரிவது பாதிப் படமே. இக்குறை கருவியின் வரலாற்றிலும் வேரூன்றியது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கோடாக் நிறுவனத்தார் வண்ண அச்சைச் சரிபார்க்க அனுப்பிய மாதிரிப் படங்களில் வெள்ளைநிறப் பெண்ணொருத்தியின் முகமே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. 'ஷர்லி' அட்டை என அதற்குப் பெயர். ஆடம்ஸின் கணக்கிலும் வெள்ளையர் முகம் ஆறாம் படி. நம் உழவர் முகம் ஐந்தாம் படியிலோ அதற்குச் சற்றுக் கீழோ நிற்பது. ஆறில் ஏற்றினால் அவர் வேறொருவராகத் தோன்றுவர். மூன்றில் இறக்கினால் எவராகவும் தோன்றார்.

ஆதலின் வெண்பொருளைப் பின்னால் வைப்பதினும் முன்னால் வைத்தல் நன்று. பனியும் பஞ்சும் உப்பும் ஒளியை அள்ளி வீசும் கண்ணாடிகள். அம்பாரம் அவள் முகத்துக்கு எதிரே, காமிராவின் அருகில் இருக்குமாறு நாம் இடம் மாறி நின்றால், தலைத்துண்டின் நிழலுக்குள்ளும் கீழிருந்து ஒளி புகுந்து முகம் மலரும். அம்பாரம் வாயாவிடின், வெளுத்த வேட்டியொன்றை இருவர் விரித்துப் பிடித்தால் போதும். ஒளியளவை அவர் முகத்தினின்றே எடுக்க வேண்டும். நெருங்கிச் சென்று அளத்தல் மரியாதையன்று என எண்ணுவோர், அதே வெயிலில் தம் புறங்கையை நீட்டி அளந்துகொள்ளலாம். நம்மிற் பலரது புறங்கை நடுச்சாம்பலுக்கு அணித்தே நிற்பது. படமெடுக்குமுன் அவரிடம் கேட்டு, எடுத்தபின் அச்சிட்ட படி ஒன்றை அவர் கையிற் சேர்க்க.

கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901 இல் தோன்றியது. இவ்வூரின் முதலெழுத்தைத் தாங்கிய பருத்தி இனங்கள் அங்கிருந்து வெளிவந்தன. ஆயினும் இன்று மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் பருத்தியின் நிலத்தில் பெரும்பகுதியைக் கைக்கொண்டுவிட்டன. பருத்தி எடுப்பின் படம் இனி எடுக்கப்படுவதினும் தேடப்படுவதே மிகுதியாகலாம். இழையும் முகமும் தெரிய எடுத்த பத்துப் படங்கள், வெளுத்துப்போன ஆயிரம் படங்களினும் பிற்காலத்தார்க்குப் பயன்படும்.

பொழுதைப் பற்றிச் சிறிது. உச்சி வெயிலில் வெண்பரப்பு தட்டையாகும். மேடும் பள்ளமும் ஒன்றே. காலையில் கதிரவன் எழுந்த ஒரு மணி நேரமும், மாலையில் அடையுமுன் ஒரு மணி நேரமும் பக்கவாட்டில் வரும் ஒளியே பஞ்சின் இழையையும் உப்பின் பளிங்கையும் தனித்தனியே எழுப்பிக் காட்டும். அப்பொழுது நிழல்கள் நீலமாய்த் தோன்றும். அது குறையன்று, வெயில் படாத வெண்பரப்பு வானத்தின் நீலத்தைத்தான் பெறுகின்றது. கணினியில் நீலத்தை முற்றும் நீக்க முயல்வோர், வெயில்பட்ட பகுதியை மஞ்சளாக்கிவிடுவர். உப்பளத்தின் பாத்திநீரில் கதிரவன் தெறிக்கும் புள்ளிகளை மட்டும் வெளுத்துப்போக விட்டுவிடுக. அவற்றைக் காக்க முனைந்தால் மற்றனைத்தும் இருளும். நெடுநேரம் அங்கு நிற்போர் கறுப்புக் கண்ணாடி அணிதல் நன்று. திரையைப் பார்க்கும்போது மட்டும் அதனைக் கழற்றி, துண்டால் தலையை மூடிக்கொண்டு நோக்குக.

உறைபனியையே காண விழைவோர்க்கு மார்கழி, தையில் உதகை உண்டு. அங்குப் பெய்வது வானத்துப் பனியன்று. புல்லின்மேல் இரவில் உறையும் வெண்படலம். தலைகுந்தாவின் புல்வெளியில் அதனைக் காண விடியுமுன் சென்று நிற்க வேண்டும். வெயில் தொட்டவுடன் கரைந்துவிடும். படலம் மெல்லியதாய், இடையே புல் தெரிவதால், ஒரு படி கூட்டினால் போதும்.

கருவியைப் பேணுதலில் ஒவ்வோரிடத்துக்கும் ஒவ்வோர் எச்சரிக்கை உண்டு. கரிசலின் வெடிப்பில் முக்காலியின் கால் இறங்கிவிடும். கோடையில் ஒரு பலகைத் துண்டை அடியில் வைக்க. மழை பெய்த மறுநாள் அம்மண்ணில் இறங்காதிருத்தலே மேல். செருப்பே காலோடு வாராது. புழுதி எழும் களத்தில் லென்ஸை மாற்ற வேண்டா. உப்பளத்தினின்று மீண்டதும், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காமிராவின் புறத்தையும் முக்காலியின் திருகுகளையும் துடைத்து உலர்த்துக. உப்பு ஓரிரவில் இரும்பைத் தின்னத் தொடங்கும். உதகையின் குளிரில் பாட்டரி விரைவில் சோரும். மாற்றுப் பாட்டரியைச் சட்டையின் உட்பையில் உடற்சூட்டில் வைத்துக்கொள்க. குளிரினின்று அறைக்குள் வந்தவுடன் காமிராவை வெளியே எடுக்காமல், பையை மூடியவாறே ஒரு மணி நேரம் வைத்துவிடுக. இல்லையேல் லென்ஸின் உள்ளும் புறமும் நீர் பூத்துவிடும்.