50,000 பேர்தான் என்கிறார்களா?

1969-இல் நியூயார்க் மாநிலத்தில் வால்கில் என்ற சிற்றூருக்கு இசைவிழா நடத்த இடம் கேட்டு வந்தவர்கள், மிஞ்சிப்போனால் 50,000 பேர் வருவார்கள் என்றார்கள். ஊரார் நம்பவில்லை. ஜூலை 2-ஆம் தேதி, 5,000 பேருக்கு மேல் கூடும் எதற்கும் அனுமதி வாங்கியாக வேண்டும் என்று ஊர் மன்றம் சட்டம் போட்டது. ஜூலை 15-ஆம் தேதி விழாவுக்கே தடை வந்தது. சொன்ன காரணம், தற்காலிகக் கழிப்பறைகள் ஊர் விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்பது. விழாவுக்குக் குறித்திருந்த நாள் ஆகஸ்ட் 15.

வால்கில் தப்பித்துக்கொண்டது. பக்கத்துக் கவுண்டியில் இருந்த பெத்தெல் மாட்டிக்கொண்டது. அங்கே மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால் பண்ணை கிடைத்தது. ஊர்த் தலைவர் சம்மதித்தார், மன்றம் முறைப்படி அனுமதி தர மறுத்தது, வேலையை நிறுத்தும்படி நோட்டீஸும் போனது. ஆனால் டிக்கெட்டுகள் எப்போதோ விற்கத் தொடங்கியிருந்தன. மேடை, வேலி இரண்டையும் கட்டி முடிக்க நாள் போதவில்லை. அமைப்பாளர்கள் மேடையைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலி இல்லாத விழாவுக்கு டிக்கெட் எதற்கு? முன்கூட்டியே டிக்கெட் வாங்கியவர்கள் ஏறத்தாழ 1,86,000 பேர். வந்து சேர்ந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். சாலைகள் அடைத்துக்கொண்டதால் பாடகர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். கவுண்டி நெருக்கடி நிலை அறிவித்தது. உட்ஸ்டாக் என்று உலகமே பேசும் விழா இதுதான். பெத்தெல்காரர்கள் அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் தங்கள் ஊர்த் தலைவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உங்கள் ஊர் மன்றத்தின் மேசைக்கு இப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் நான்கு வழிகள் உண்டு. மறுக்கலாம். ஒரே ஒரு முறை என்று அனுமதிக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு உரிமம் என்று வைத்துக்கொள்ளலாம். ஊரே விழாவில் பங்காளியாகலாம். நான்குமே எங்கோ ஓர் ஊரில் சோதித்துப் பார்த்தவைதான்.

மறுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊருக்குள் வர ஒரே சாலை, அரை மணி நேரத்துக்கு அப்பால் மருத்துவமனை, அறுவடை நேரம் என்றால் மறுப்பதுதான் முறை. ஆனால் காலத்தோடு மறுக்க வேண்டும். வால்கில் செய்தது அதன் உரிமைக்கு உட்பட்டதே, தாமதம்தான் பிழை. டிக்கெட் விற்பனை தொடங்கிய பிறகு சொல்லும் ‘வேண்டாம்’ கூட்டத்தை நிறுத்தாது, வேறு பக்கம் திருப்பிவிடும், அவ்வளவுதான். ஆகவே மறுக்கிற அன்றே அக்கம்பக்கத்து ஊர் மன்றங்களுக்கும் தகவல் போய்விட வேண்டும்.

மறுப்பையே சட்டமாக்கியதாக வைட் தீவைச் சொல்வார்கள். 1970-இல் அந்த இங்கிலாந்துத் தீவில் நடந்த விழாவுக்கு 6 லட்சம் பேர் வந்ததாக மதிப்பீடு. தீவின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ ஒரு லட்சம்தான். மறு ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம், 5,000 பேருக்கு மேல் இரவில் திறந்தவெளியில் கூட வேண்டுமானால் தீவு மன்றத்தின் உரிமம் வேண்டும் என்று தனிச் சட்டம் இயற்றியது. கவனித்துப் பார்த்தால் அதில் தடை என்று ஒன்றும் கிடையாது. முடிவெடுக்கும் அதிகாரம் ஊரிடம் வந்தது. 2002-இல் அதே தீவில் விழா மறுபடி தொடங்கியது.

‘இந்த ஒரு தடவை பார்ப்போமே’ என்பதுதான் கூட்டத்தில் எளிதாகக் கைதூக்க வைக்கும் யோசனை. நடுநிலை மாதிரி தெரியும். நான்கில் மோசமானது இதுவே என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டு திரும்பி வரத் தேவையில்லாத அமைப்பாளர், மிதிபட்ட வயலைப் பற்றியும் பக்கத்து வீட்டு வேலியைப் பற்றியும் ஏன் கவலைப்பட வேண்டும்? யாஸ்கர் மீது 1970-இல் அக்கம்பக்கத்தார் சேத வழக்குப் போட்டார்கள். அவர் பண்ணையின் சேதம் அதைவிடப் பெரிது; அதற்கு 50,000 டாலர் கிடைக்க விழா முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அடுத்த ஆண்டு விழாவுக்கு மறுபடி இடம் கேட்டபோது அவர் தர மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஒரு முறை அனுமதி என்று போனால், சுத்தம் செய்யவும் சாலையைச் செப்பனிடவும் ஆகும் தொகையை விழாவுக்கு முன்பே வங்கி உத்தரவாதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் எழுதிக்கொடுத்த வாக்குறுதியை வைத்துக் குப்பை அள்ள முடியாது.

ஆண்டு உரிமம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் இருக்கும் பில்டன் கிராமத்தைப் பார்க்கலாம். கிளாஸ்டன்பரி விழா நடப்பது உண்மையில் இங்கே, மைக்கேல் ஈவிஸின் பண்ணையில். 1970-இல் முதல் விழா. கட்டணம் ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம், வந்தவர்கள் 1,500 பேர். 1983-இல் மாவட்ட மன்றம் முதல் உரிமம் கொடுத்து, 30,000 பேர் என்று உச்சவரம்பு வைத்தது. 2000-இல் வந்தது சோதனை. உரிமம் ஒரு லட்சம் பேருக்கு. வேலியேறிக் குதித்தும் சந்து பொந்தில் நுழைந்தும் உள்ளே வந்தவர்களைச் சேர்த்தால் இரண்டரை லட்சம் என்று கணித்தார்கள். 2001-இல் விழாவே நடக்கவில்லை. 2002-இல் யாரும் தாண்ட முடியாத புது வேலியோடு விழா வந்தது. அந்த வேலிக்கான செலவை அமைப்பாளர்கள் ஏற்றதற்குக் காரணம், வேலி இல்லாமல் அடுத்த உரிமம் கிடைக்காது என்பதுதான். ஒரே ஒரு முறை அனுமதி கொடுத்த ஊருக்கு இந்தப் பிடி கிடைக்காது.

இன்னொரு நல்ல பழக்கமும் அங்கே உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, 2006, 2012, 2018 என்று, விழாவை நிறுத்தி நிலத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். மாடுகள் மேய்கின்றன, புல் வளர்கிறது, ஊராரும் மூச்சு விடுகிறார்கள்.

அதற்காகப் பில்டனைச் சொர்க்கமாக நினைத்துவிட வேண்டாம். 2014 விழாவில் கழிவுநீர்த் தொட்டியில் கசிவு ஏற்பட்டுப் பக்கத்துச் சிற்றாற்றில் மீன்கள் செத்தன; நீதிமன்றம் அபராதமும் வழக்குச் செலவுமாக 31,000 பவுண்டு கட்டச் சொன்னது. நாற்பது ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கே இந்தக் கதி. இன்னொன்று, 30,000-இல் தொடங்கிய உச்சவரம்பு இன்று ஊழியர்கள் உட்பட 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆண்டு உரிமம் என்பது விழா பெரிதாவதற்கான படிக்கட்டும்தான். இதை ஏற்கிற ஊர், கடைசிப் படி எது என்பதை முதல் ஆண்டே தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும்.

ஊரே பங்காளியாவதற்கு ஜெர்மனியின் வாக்கன் உதாரணம். 2,000 பேர் வாழும் கிராமத்துக்கு ஹெவி மெட்டல் கேட்க 85,000 பேர் வருகிறார்கள். ஊர்த் தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியக் குழு விழாவில் வாசிக்கிறது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1990-இல் சில நூறு பேரோடு தொடங்கி மெல்ல வளர்ந்த உறவு அது. மன்றத் தீர்மானத்தால் வரவழைக்க முடியாது. அங்கிருந்து கற்க வேண்டியது 2023-இல் நடந்தது. விழாத் திடல் மழையில் சேறாகி வண்டிகள் நிறுத்த வழியில்லாமல் போனபோது, டிக்கெட் வைத்திருந்தவர்கள் வழியில் இருக்கும்போதே இனி யாரும் வர வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில் அப்படி யாரும் சொல்லவில்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் நெரிசலில் சிக்கி, உள்ளே போக முடியாமலே வீடு திரும்பினார்கள்.

ஆகவே எந்த வழியில் போனாலும் கேட்டே ஆக வேண்டியது, வாசலை மூடச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, எந்த எண்ணிக்கையில் என்பது. அமைப்பாளருக்கு என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். ஊர் மன்றமும் காவல்துறையும் பெயர் குறித்து ஒருவரை நியமிக்க வேண்டும். வாசலில் தலை எண்ணுகிறவர்கள் அவரிடம் கணக்குச் சொல்ல வேண்டும். அடுத்தது வியாபாரம். ‘ஊரில் பணம் புரளும்’ என்பார்கள். வேலிக்குள்ளே எத்தனை கடைகள் உள்ளூர்க்காரர்களுக்கு என்று கேளுங்கள். வந்தவர்கள் வேலிக்குள்ளேயே சாப்பிட்டு வேலிக்குள்ளேயே தூங்கினால், கடைத்தெரு ஓட்டலுக்கு மிஞ்சுவது டிராஃபிக் ஜாம்தான்.

என் வரிசை இது. விழாவுக்கு ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தால், எவ்வளவு பணம் காட்டினாலும் வேண்டாம். அதற்கு மேல் இருந்தால் ஆண்டு உரிமம்; முதல் ஆண்டுக்கு அவர்கள் கேட்கும் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு. அடுத்த ஆண்டு விண்ணப்பத்தை விழா முடிந்த வாரத்தின் உற்சாகத்தில் எடுக்காதீர்கள். வயல் உழுது, சாலைப் பள்ளம் அடைத்து, டெபாசிட் கணக்குத் தீர்ந்த பிறகு, பண்ணைக்கு அடுத்த வீட்டுக்காரர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு எடுங்கள்.