நமது பகல் அடைப்பும் பாரிசின் கடை திறப்பும்



காரைக்காலில் பிரான்சு உறவு இல்லாத தெரு குறைவு. ஆங்கிலேயர் வசம் போன சில காலம் நீங்கலாக, 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் நம்முடையது. ஆட்சி போன பின்பும் உறவு நிற்கிறது. அந்த உறவின் வழியே மசாலா, அப்பளம், ஜவுளி என்று ஆர்டர்களும் வருகின்றன. சரக்கு நன்றாக இருந்தும், நேரம் பார்த்துப் பேசாததால் இந்த வியாபாரம் கைநழுவுவது உண்டு. ஆகவே இரண்டு ஊர்களின் கடிகாரத்தையும் சுபாவத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. காரைக்கால் கிழக்கே 79.8 பாகையிலும் பாரிஸ் 2.3 பாகையிலும் உள்ளன. சூரியனை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வித்தியாசம் சுமார் 5 மணி 10 நிமிடம். கடிகாரக் கணக்கு வேறு. இந்திய நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. பாரிஸ் கடிகாரம் 1940ல் ஜெர்மானியர் பிடித்தபோது ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. போர் முடிந்த பின்பும் பிரான்சு அந்த நேரத்தையே வைத்துக்கொண்டது. 1976 முதல் கோடையில் மேலும் ஒரு மணி கூட்டுகிறார்கள்.

எனவே மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாம் மூன்றரை மணி முந்தியிருக்கிறோம். மற்ற மாதங்களில் நாலரை மணி. நம் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை, மாறுவது அவர்களுடையது.

நாம் காலை 9 மணிக்குக் கடை திறந்து சாமி கும்பிடும்போது அங்கே கோடையில் விடியற்காலை 5.30, குளிர்காலத்தில் 4.30. அந்த நேரத்தில் போன் செய்தால் ஆர்டர் கிடைக்காது, மனத்தாங்கல்தான் மிஞ்சும். அங்கே காலை 10 மணி என்பது நமக்குக் கோடையில் பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அவர்கள் 12 மணிக்குச் சாப்பிடப் போகும் முன் உள்ள இரண்டு மணி நேரமே நிதானமாகப் பேச ஏற்றது. அதுவோ, நம்மில் பலர் கடையை அடைத்து வீட்டில் கண் அயரும் நேரம்! அவர்கள் சாப்பிட்டுத் திரும்பும்போது நமக்கு மாலைக் கூட்டம் தொடங்கிவிடும்.

வெயிலும் சுபாவத்தை மாற்றுகிறது. நம் ஊரில் பகல் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒன்றேகால் மணிதான் கூடிக் குறையும். பாரிசில் டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம். ஆகஸ்டு வந்தால் பல கடைகளை வாரக்கணக்கில் மூடி விடுமுறை போகிறார்கள். அதற்கான சரக்குப் பேச்சை மே மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். அதே ஜூலை, ஆகஸ்டு பள்ளி விடுமுறையில்தான் அங்குள்ள நம் குடும்பங்கள் ஊருக்கு வருகின்றன. ஆடி மாதம் மந்தம் என்று நாம் சரக்கைக் குறைக்கும் வேளையில் இந்த வாடிக்கையாளர்கள் வாசலில் நிற்பார்கள்.

பணம் வருவதற்கும் நாள் பார்க்க வேண்டும். சனி, ஞாயிறு தவிர, ஜனவரி 1, புனித வெள்ளி, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள், மே 1, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் ஐரோப்பிய வங்கிகளிடையே வழக்கமான யூரோப் பணப் பரிமாற்றம் தீர்வாகாது. நமது பொங்கலும் தீபாவளியும் அவர்கள் வங்கிக்குத் தெரியாது. இரண்டு பஞ்சாங்கத்தையும் சேர்த்துப் பார்த்தே தவணை சொல்ல வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை மூன்று:

1. பகல் அடைப்பு நேரத்தில் விலையும் இருப்பும் தெரிந்த ஒருவர் போன் அருகில் இருக்கட்டும்.

2. "பத்து மணிக்குப் பேசலாம்" என்று எழுதாமல், "பாரிஸ் காலை 10, காரைக்கால் பகல் 1.30" என்று இரண்டையும் எழுதுவோம்.

3. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளைக் கடைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுவோம்.

இதற்கு முதலீடு ஏதும் தேவையில்லை. எதிரில் உள்ளவருக்கு இப்போது மணி என்ன என்று நினைத்துப் பார்த்துப் பேசுகிற வியாபாரியிடம், அடுத்த ஆர்டரும் தானே வரும்.